மேஜைக்கு ஒரு ஜோடி ஷூ

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கிற முதல் அடி இருக்கிறதே, அதுதான் வாத்தக்காவுக்கு எமன். குதிகால் தரையில் பட்டதும் ஒரு குத்து. தரைக்கு அடியில் யாரோ ஆணியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு இவளுக்காகவே விடிய விடியக் காத்திருந்த மாதிரி. "அம்மாடி" என்று ஒரு கையால் சுவரையும் மறு கையால் புருஷன் தோளையும் பிடிப்பாள். அவன் தூக்கத்திலேயே தோளைக் கொடுப்பான். நாலடி நடந்தால் குத்து வலியாக மாறும். பல் தேய்த்து முகம் கழுவுவதற்குள் வலியும் பழகிப் போகும். பழகிய வலியோடு டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள்.

குதிகாலை ஊன்றாமல் இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்ததில் வந்த பட்டம் வாத்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெறும் வாத்தாக இருந்தாள். வயது ஏற ஏற மரியாதை சேர்ந்து வாத்தக்கா ஆனாள். வாத்து மட்டும் கடைசிவரை கழன்று விழவில்லை.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். மேலே மாடி மாடியாக நோயாளிகள். அடியில், வண்டிகள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், சன்னல் இல்லாத நீளமான கூடம். அந்தக் கோடியில் துவைக்கிற மெஷின்கள், நடுவில் காயவைக்கிற மெஷின்கள், இந்தக் கோடியில் மடிக்கிற மேஜைகள். மேஜைக்கு இரண்டு பேர். படுக்கை விரிப்பின் நாலு மூலையில் ஆளுக்கு இரண்டைப் பிடித்து உதற வேண்டும். ஒருத்தி நிற்க, மற்றவள் அவளை நோக்கி நடந்து வந்து மூலையோடு மூலை சேர்த்து, குனிந்து மடிப்பை எடுத்து, மறுபடி பின்னால் போக வேண்டும். அடுக்கு நெஞ்சளவு உயர்ந்ததும் தள்ளுவண்டியில் ஏற்றி, தாழ்வாரம் முழுக்கத் தள்ளி, கடைசியில் இருக்கும் சரிவில் மூச்சுப் பிடித்து ஏற்றி, ஸ்டோர் ரூமில் இறக்கிவிட்டு வர வேண்டும். இதற்குள் அடுத்த மெஷின் விரிப்புகளைக் கக்கியிருக்கும். தரை சிமெண்ட், எந்நேரமும் ஈரம். காலில் ரப்பர் செருப்பு.

அந்தக் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் சூப்பர்வைசர் உட்காருவார். மெஷின் இரைச்சலில் குரல் எடுபடாது என்று கழுத்தில் ஒரு விசிலை மாட்டியிருப்பார். ஆகவே அவர் பெயரும் விசில். போன வருஷம் முட்டி வீங்கிய ஒருத்தி, இடையிடையே உட்கார ஒரு ஸ்டூல் கேட்டாள். "நிக்க முடியாதவங்களுக்கு இங்க மேஜை இல்லம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மணி கேட்டால் மணி சொல்வது போலச் சொன்னார். அந்த வாரமே அவள் இடத்தில் வேறு ஆள் நின்றாள். அன்றிலிருந்து வாத்தக்கா விசில் காதுபடக் குதிகாலைப் பற்றி வாயே திறந்ததில்லை. அவர் பார்க்கும்போது நடையில் இருக்கிற வாத்தைக்கூட அடக்கிக்கொள்ளப் பார்ப்பாள். அது அடங்காது.

மேஜையின் எதிர்ப்பக்கம் நின்றவள் அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் பம்பரம். வீட்டில் அடுத்தடுத்த வாசல், பஸ்ஸில் அடுத்தடுத்த சீட், வேலையில் எதிரும் புதிரும். "தாலி கட்டினது அண்ணன், நான் குடித்தனம் நடத்துறது தங்கச்சியோட" என்று வாத்தக்கா சொல்லாத நாள் கிடையாது. "என் தலையெழுத்து, அண்ணனைக் கொண்டுபோய் உங்ககிட்டத் தள்ளிட்டு நானும் கூடவே வந்து மாட்டிக்கிட்டேன்" என்று பம்பரமும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

இந்தக் கூடத்துக்குத்தான் ஒருநாள் நம்பர் மேடம் வந்தார். சின்ன வயசு, பெரிய கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. ஏதோ ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார்.

"ஒரு திட்டத்துக்குச் செலவு பண்ணினா, அதனால நெஜமாவே பலன் இருக்கான்னு பாக்கிறதுதான் என் வேலை. மாத்திரை, பள்ளிக்கூடச் சாப்பாடு, தொழில் பயிற்சி, எதுவா இருந்தாலும். நல்லதுன்னு நெனச்சுத்தான் எல்லாரும் குடுக்கிறாங்க. நல்லது நடந்துச்சான்னு யாராவது பாக்கணும் இல்லையா?"

"நடந்திருந்தா?" என்று கேட்டாள் பம்பரம்.

"எல்லாருக்கும் குடுங்கன்னு சொல்லுவேன்."

"நடக்கலைன்னா?"

"அதையும் சொல்லுவேன்."

"ரொம்பப் பொல்லாத வேலையா இருக்கே" என்றாள் பம்பரம். மேடம் சிரித்துவிட்டார். அதிலிருந்து அவரை எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

இந்த முறை பார்க்கவேண்டியது ஷூ. உள்ளே மெத்தை வைத்த, ஈரத்தில் வழுக்காத ஷூ. நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு வாங்கிக் கொடுத்தால் கால்வலி குறையுமா, லீவு போடுவது குறையுமா என்று நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டுமாம். குறைந்தால் எல்லாருக்கும் வாங்குவார்களாம். அதுவரை பாதிப் பேருக்கு மட்டும் ஷூ, மீதிப் பேருக்குக் கேள்வி மட்டும்.

"ஏன் மேடம், எல்லாருக்கும் குடுத்துட்டு, வலி போச்சான்னு கேட்டாத் தீந்துபோச்சு. எதுக்கு இந்த ஓரவஞ்சனை?" என்றாள் வாத்தக்கா.

"எல்லாருக்கும் குடுத்து வலி குறைஞ்சுதுன்னு வைங்க. ஷூவால குறைஞ்சுதா, குளிர் போனதால குறைஞ்சுதா, வாராவாரம் ஒருத்தி வந்து 'கால் எப்படி இருக்கு'ன்னு அக்கறையா கேட்டதால குறைஞ்சுதான்னு எப்படித் தெரியும்? பக்கத்துல ஷூ இல்லாத ஒருத்தர் இருந்தாத்தானே ஒப்பிட முடியும்?"

அது வாத்தக்காவுக்குப் புரிந்தது. புரிந்தாலும், அந்த ஷூ இல்லாத ஒருத்தர் தானாக இருக்கக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது.

எல்லாருடைய பாதத்தையும் தாளில் வைத்துக் கோடு இழுத்து அளவெடுத்தார்கள். அப்புறம் மேஜைக்கு மேஜை குலுக்கல். ஒரே மேஜையில் ஒருத்திக்கு ஷூ, எதிரில் நிற்பவளுக்கு இல்லை. "ஒரே மேஜை, ஒரே வேலை, ஒரே தரை. வித்தியாசம்னா ஷூ மட்டும்தான்" என்று மேடம் பெருமையாகச் சொன்னார். ராத்திரியெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு என்பது முகத்திலேயே தெரிந்தது.

வாத்தக்கா சீட்டைப் பிரித்தாள். வெள்ளைத்தாள். எதிரே பம்பரம் 'ஷூ' என்று எழுதிய தன் சீட்டை ஆட்டிக்காட்டினாள்.

"குலுக்கல்கூட உங்க குடும்பத்துப் பக்கம்தான் சாயுது" என்றாள் வாத்தக்கா.

"அண்ணி, சும்மா இருங்க. சீட்டை மாத்திக்கலாம். உங்க குதிகாலுக்குத்தான் இது வேணும்."

"மாத்தவே கூடாது" என்று மேடம் பாய்ந்து வந்தார். "மாத்தினா குலுக்கலே வீணாப்போயிடும். வேணுங்கிறவங்களுக்குப் பாத்துப் பாத்துக் குடுத்தா எனக்கு ஒண்ணும் தெரியாமப் போயிடும்."

"விடுடி. உன் கால் அளவுக்கு வாங்கினா அதுல நான் குடும்பத்தோட போய்க் குடியிருக்கலாம்" என்று வாத்தக்கா சிரித்து மழுப்பினாள். "என் கால் அளவு மேடம்கிட்ட பத்திரமா இருக்கு. ஷூதான் இல்ல. பரவாயில்ல."

பரவாயில்லை என்று வாய்தான் சொன்னது.

ஷூ வந்த அன்று பம்பரம் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் ஒரு நடை நடந்து காட்டினாள். சாம்பல் நிறம், வெள்ளை நாடா. "அண்ணி, மெத்தையில நடக்கிற மாதிரி இருக்கு, சத்தியமா!" வாத்தக்காவுக்கு எங்கேயோ பற்றிக்கொண்டு வந்தது. மேஜையில் அடுக்கு உயர்ந்து நின்றது.

அந்த ஆஸ்பத்திரியில் ஷூ போட்டு நடப்பது டாக்டர்கள்தான். "டாக்டரம்மா" என்றாள், குரலைக் குழைத்து. "மெத்தையில நடக்கிற கால்தானே? அந்த வண்டியையும் கொஞ்சம் தள்ளிட்டுப் போயிட்டு வந்துடுங்களேன்."

வண்டி அன்று வாத்தக்காவின் முறை. பம்பரம் அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதுக்கென்ன, பறந்துட்டு வரேன்" என்று தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அதுதான் ஆரம்பம். அடுத்த வண்டிக்கும் "டாக்டரம்மா" என்றாள். அதற்கடுத்த வண்டிக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஷூ போட்ட கால் தானாக வண்டிப் பக்கம் திரும்பிற்று.

குத்தலாக ஆரம்பித்தது அந்த வாரம் முடிவதற்குள் சட்டமாகிவிட்டது. மற்ற மேஜைகளிலும் அதே கதைதான். ஒருத்தி கெஞ்சி வாங்கினாள், ஒருத்தி மிரட்டி வாங்கினாள், இன்னொருத்தியிடம் ஷூக்காரியே மனசு கேட்காமல் "நீ இரு, நான் போறேன்" என்றாள். ஷூ போட்டவள் நடக்க வேண்டும், போடாதவள் நிற்கலாம். மடிக்கும்போதுகூட மூலையைப் பிடித்துக்கொண்டு ஷூக்காரிதான் நடந்து நடந்து வந்தாள், எதிராளி மரம்போல நின்றாள். வாத்தக்கா ஒரு படி மேலே போனாள். விரிப்பு அடுக்குகளுக்குப் பின்னால், விசில் கண்ணுக்கு எட்டாத மூலையில், சோப்புத்தூள் வந்த காலி டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாள். பம்பரம் வண்டியோடு போனதும் அதில் உட்கார்ந்துகொண்டு கைத்துண்டுகளை மடித்தாள். கை சும்மா இருக்கவில்லை. குதிகால் சும்மா இருந்தது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் பகலில் அதற்கு ஓய்வு.

மேடம் வாரம் தவறாமல் வந்தார். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "வலியே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. இந்த வாரம் எவ்வளவு?" என்று கேட்பார். அதனால்தான் நம்பர் மேடம். அவர் வருகிற நேரம் விசில் எல்லாரையும் விறைப்பாக நிறுத்தி வைப்பார், டிரம் துணிக்கடியில் போய்விடும்.

"வேலையெல்லாம் வழக்கம்போலத்தானே?"

"வழக்கம்போலத்தான் மேடம்."

அது பொய் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. முடியாதவள் நிற்பதும் முடிந்தவள் ஓடுவதும் அந்தக் கூடத்தில் என்றைக்கும் வழக்கம்தான். இதைப் போய் ஒரு சேதியாகச் சொல்லுவார்களா?

ஒருமுறை மேடம் கேட்டு முடித்துவிட்டு எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மேடம், உங்களுக்கு என்ன நம்பர்?" என்றாள் வாத்தக்கா.

"ஆறு. நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தே இருக்கேன் இல்ல?"

"அட கடவுளே. நாங்க நின்னு சாகுறோம், நீங்க உக்காந்து சாகுறீங்க. நடுவுல யாருதான் நல்லா இருக்கிறது?"

"விசில் சார்" என்று மேடம் மெதுவாகச் சொன்னார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வாத்தக்காவின் நம்பர் ஒன்பதில் ஆரம்பித்து ஆறுக்கு இறங்கியது. பம்பரத்தின் நம்பரும் இறங்கியது, ஆனால் குதிகால் பிரச்சினையே இல்லாத அவளும் ஆறில்தான் நின்றாள். ஏன் என்று வாத்தக்காவுக்குத் தெரியாமலில்லை. சாயங்கால பஸ்ஸில் பம்பரம் உட்கார்ந்த மறு நிமிஷம் தூங்கிப்போனாள். முன்பெல்லாம் இறங்குகிற இடம்வரை வாய் மூடாமல் வருகிறவள். ஒருநாள் கணுக்காலில் சேலை விலகியிருந்தது. கெண்டைக்காலில் நரம்பு கயிறாக முறுக்கிப் புடைத்துக்கொண்டு நின்றது. வாத்தக்கா பார்த்தாள். சேலையை இழுத்து மூடிவிட்டாள். நாளைக்கு ஒரு வண்டியாவது நாம் தள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலை அந்த முதல் அடியைத் தரையில் வைத்தபோது, நாளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது.

புருஷன்கூட ஒரு ராத்திரி கேட்டான். "தங்கச்சி ஏன் இப்படி ஓஞ்சுபோய் வர்றா? அவளுக்குத்தான் ஷூ குடுத்திருக்காங்களே?"

"அதான் ஓஞ்சுபோறா" என்றாள் வாத்தக்கா. அவன் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தான். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

மூன்று மாதம் முடிந்தது. மேடம் கேள்விகள் இல்லாமல் வந்தார். கையில் ஒரு காலிச் சாக்கு. முகம் தொங்கிப் போயிருந்தது. மெஷின்களை நிறுத்தச் சொல்லி எல்லாரையும் கூப்பிட்டார்.

"ஷூ போட்டவங்களுக்கும் வலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. போடாதவங்களுக்கும் குறைஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. அப்படின்னா ஷூவால ஒண்ணும் ஆகலை, வேற ஏதோ காரணத்தால ரெண்டு பக்கமும் குறைஞ்சிருக்குன்னுதான் அர்த்தம். அதைத்தான் நான் எழுதியாகணும். நிர்வாகத்துல சந்தோஷமா 'செலவு மிச்சம்'னு சொல்லிட்டாங்க. ஷூவைத் திருப்பி வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"என்ன மேடம் சொல்றீங்க?" பம்பரத்துக்கு நிஜமாகவே அதிர்ச்சி. "இது மட்டும் இல்லைன்னா நான் எப்பவோ படுத்திருப்பேன்!"

"உங்க நம்பர் அப்படிச் சொல்லலையே அக்கா."

வேறு வழியில்லாமல் ஷூக்காரிகள் ஒவ்வொருத்தியாக நாடாவை அவிழ்த்தார்கள். மேடம் ஒரு ஜோடியை வாங்கிச் சாக்கில் போடப் போனவர், திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம் மழமழவென்று வழுக்கையாகிக் கிடந்தது. குதிகால் ஓரம் சரிந்து தேய்ந்து உள்ளே இருந்த மெத்தை எட்டிப் பார்த்தது. அடுத்த ஜோடியைத் திருப்பினார். அதுவும் அப்படித்தான். எல்லாவற்றையும் வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வரிசையாக வைத்தார். தேயாதது ஒன்றுகூட இல்லை.

"ஒரு வருஷம் தாங்கும்னு எழுதிக் குடுத்த ஷூ இது" என்றார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு. "இதைப் போட்டுக்கிட்டு எங்க போனீங்க? மலை ஏறினீங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தாள். ஷூ கிடைக்காதவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். மெஷின்கள் நின்றதைக் கவனித்த விசில் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து மேடத்தின் பின்னால் நின்றார்.

வாத்தக்கா இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஷூ எல்லாம் சாக்குக்குள் போகும், இனி எந்தக் காலத்திலும் இந்தக் கூடத்துக்கு இன்னொரு ஷூ வராது, அவள் குதிகால் சாகும்வரை ரப்பர் செருப்புதான். வாயைத் திறந்தாலோ டிரம் வெளியே வரும். நிற்க முடியாதவளுக்கு இங்கே மேஜை இல்லை. விசில் நிற்கிற தூரத்தில் ஒரு பெருமூச்சு விட்டாலும் கேட்கும்.

எதிரே பம்பரம் ஈர சிமெண்டில் வெறுங்காலோடு நின்றாள். ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் கெண்டையில் தேய்த்துக்கொண்டாள். அந்த நரம்பு.

"அந்தத் தேய்மானத்துல பாதி என்னோடது மேடம்" என்றாள் வாத்தக்கா.

"புரியலையே."

"என் நடையையும் சேத்து இவதான் நடந்தா. மூணு மாசமா நான் வண்டியைத் தொடவே இல்ல. உனக்குத்தான் ஷூ இருக்கே, நீ போடின்னு அனுப்பிட்டு, அதோ அந்த அடுக்குக்குப் பின்னாடி டிரம்மைக் கவுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டேன்." சொல்ல ஆரம்பித்த பிறகு அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. "எனக்கு வலி குறைஞ்சது வேற ஏதோ காரணத்தால இல்ல, இவ ஷூவாலதான். இவளுக்கு அந்த ஷூ இல்லைன்னா ரெண்டு ஆள் நடைக்கு இந்நேரம் மேல ஏதோ ஒரு வார்டுல நாங்க துவைச்ச விரிப்புலயே படுத்திருப்பா."

பக்கத்து மேஜைக்காரி, "நானும்தான் மேடம்" என்றாள். அதற்கப்புறம் மடை திறந்தாற்போல. "நானும்." "நான் வேணாம்னுதான் சொன்னேன், இவதான் கேக்கலை." "நான் எங்கடி கேக்கலை? நீதான் தினம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே!"

மேடம் உட்கார இடம் தேடினார். பம்பரம் ஓடிப்போய் அந்த டிரம்மைக் கொண்டுவந்து போட்டாள். மேடம் அதில் உட்கார்ந்தார்.

"நான் உங்களை ஆளாளுக்குத் தனித்தனியா எண்ணிட்டேன்" என்றார். "நீங்க மேஜை மேஜையா இருக்கீங்க. ஷூவை ஒருத்தர் காலுல மாட்டினேன். பலனை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டீங்க. அப்புறம் ரெண்டு பேரையும் பக்கத்துல நிறுத்தி வித்தியாசம் எங்கேன்னு தேடினா எங்கேர்ந்து கிடைக்கும்? ஒரே மேஜைன்னு பெருமைப்பட்டேனே, அதுதான் என்னைக் கவுத்திருச்சு."

"அப்போ ஷூ நல்லதுதானே மேடம்? எழுதிடுங்க" என்றாள் பம்பரம்.

"நல்லதா இருக்கலாம். இந்த நம்பரை வச்சு அப்படியும் சொல்ல முடியாது, இப்படியும் சொல்ல முடியாது. தெரியலைன்னுதான் எழுதணும்."

"நல்லா இருக்கு போங்க! நாங்களே வாயைத் திறந்து ஒத்துக்கிட்டோம், இன்னும் தெரியலைங்கிறீங்களே!"

இதற்குள் விசிலுக்குப் பேச்சு வந்துவிட்டது. "இருங்க, இருங்க. மூணு மாசமா இதுல பாதிப் பேரு உக்காந்துதான் சம்பளம் வாங்கினீங்களா?"

"ஏன் சார், எங்கேயாவது விரிப்பு தேங்கி நின்னுச்சா? வார்டுலேர்ந்து ஒரு போன் வந்துச்சா?" என்று பம்பரம் முன்னால் வந்து நின்றாள். அண்ணிக்கும் விசிலுக்கும் நடுவில் அவள் வந்து நின்ற விதத்தை வாத்தக்கா பார்த்தபடி நின்றாள். மூன்று மாதமாக ஏய்த்தவளைக் காப்பாற்ற வந்து நிற்கிறாளே, பைத்தியக்காரி.

மேடம் டிரம்மில் உட்கார்ந்தபடியே சொன்னார். "சார், இந்த ஆய்வுல யார் என்ன பதில் சொன்னாலும் அதை வச்சு அவங்க வேலையில கை வைக்கக் கூடாதுன்னு நிர்வாகம் ஒத்துக்கிட்டிருக்கு. கை வச்சீங்கன்னா அதையும் நான் எழுத வேண்டியிருக்கும்."

விசில் யோசித்தார். யாரையும் ஒன்றும் செய்ய முடியாது என்பது தெரிந்ததும், மேடம் எழுந்திருக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதன்மேல் டீ டம்ளரை வைத்தார். அவ்வளவுதான் அவரால் ஆனது.

அப்புறம் மேடம் ஒரு வாரம் வரவில்லை. நிர்வாகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததாகப் பின்னால் தெரிந்தது. தேய்ந்த ஷூக்களைச் சாக்கோடு கொண்டுபோய்க் கூட்டத்தில் மேஜைமேல் கொட்டினாராம். திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப்பை.

"மறுபடி முதல்லேர்ந்து பண்றோம். நிர்வாகத்துக்கு ஊர் ஊரா ஆஸ்பத்திரி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு சலவைக்கூடம். இந்தத் தடவை ஆளுக்கு ஆள் குலுக்கல் கிடையாது. கூடம் கூடமா. பாதிக் கூடங்களுக்கு இப்பவே, எல்லாருக்கும் ஷூ. மீதிக் கூடங்களுக்கு ஆறு மாசம் கழிச்சு, பலன் தெரிஞ்சுதுன்னா. ஊர் தாண்டி வந்து யாரும் யாருக்கும் வண்டி தள்ள முடியாது பாருங்க."

பைக்குள் சீட்டுகள். இந்தக் கூடத்துக்கு ஒன்றை எடுக்க வேண்டும்.

"வாத்தக்கா எடுக்கட்டும்!" என்று நாலு பக்கமும் குரல். "வாயைத் திறந்து ஆரம்பிச்சவ அவதான்!"

வாத்தக்கா கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். 'பிறகு' என்று இருந்தது. மறுபடி ஒருமுறை பார்த்தாள். அப்போதும் அதேதான்.

"உன் கை விளங்குமா!" என்று பக்கத்து மேஜைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்க அண்ணிக்குக் கால்தான் சரியில்லைன்னு நெனச்சேன்" என்றாள் பம்பரம். கூடமே சிரித்தது. வாத்தக்காவும் சிரித்தாள். ஆறு மாதம் என்பது எத்தனை காலைகள், எத்தனை முதல் அடிகள் என்று ஒரு பக்கம் மனசு ஓடிக்கொண்டிருந்தாலும், சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரே ஒரு நிபந்தனை" என்றார் மேடம். "எல்லாக் கூடத்துலயும் வேலை ஒரே மாதிரி நடக்கணும். ஒரு வண்டி இவங்க, அடுத்த வண்டி அவங்க. யாரும் யாருக்காகவும் நடக்கக் கூடாது. பாவம் பாத்தும் கூடாது, மிரட்டியும் கூடாது. தயவுசெஞ்சு."

"அதை நான் பாத்துக்கிறேன்" என்று விசில் உற்சாகமாக விசிலைத் தொட்டுக்கொண்டார்.

எல்லாரும் கலைந்த பிறகு வாத்தக்கா மேடத்தின் பக்கத்தில் போனாள். "மேடம், ஒரு சந்தேகம். நான் இவளுக்கு மூணு மாச நடை பாக்கி வச்சிருக்கேன். அவ முறைக்கும் சேத்து நான் கொஞ்ச நாள் நடந்து அதைக் கழிச்சுடலாமா?"

மேடம் பதறிப்போனார். "அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், இப்பக் கழிச்சுடாதீங்க! மறுபடி எல்லாம் குழம்பிடும். ஆய்வு முடியட்டும். அதுக்கப்புறம் நீங்களாச்சு, உங்க நாத்தனாராச்சு."

மறுநாள் முதல் அடுக்கு உயர்ந்ததும் பம்பரம் பழக்கதோஷத்தில் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"ஏய், கையை எடுடி. முதல் முறை என்னுது" என்றாள் வாத்தக்கா.

"முடியுமா அண்ணி?"

"முடியலைன்னா பத்துன்னு சொல்லிக்கிறேன். தள்ளி நில்லு."

வண்டி கனத்தது. ஒரு சக்கரம் கிறீச்சிட்டது, மூன்று மாதத்துக்கு முன்னால் அது கிறீச்சிட்டதாக நினைவில்லை. தாழ்வாரம் முன்னைக்கு நீண்டுவிட்டதுபோல் இருந்தது. சரிவில் ஏற்றும்போது ஆணி கீழிருந்து ஏறிக் கெண்டைவரை குத்தியது. நடுவில் வண்டியை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினாள். இந்தச் சரிவில்தான் பம்பரம் தினமும் இரண்டு ஆள் சுமையை ஏற்றினாள். ஏற்றிவிட்டு வந்து, டிரம்மில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆடி ஆடித் திரும்பி வந்தபோது பம்பரம் மேஜையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"என்ன அண்ணி, கடன்ல ஒண்ணு கழிஞ்சுதா?"

"இது என் முறைக்கு நான் நடந்தது. உன்னுதுல சேராது."

"அப்போ ஆறு மாசத்துக்கு நான் கேக்கவே கூடாதா?"

"கேளு. தினமும் கேளு. தர முடியாது, அவ்வளவுதான்."

அடுத்த அடுக்கு உயர்ந்தது. இந்த முறை பம்பரத்துடையது. ரப்பர் செருப்பு ஈரத்தில் சளக் சளக்கென்று அடிக்க, அந்த நரம்புக் காலோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். வாத்தக்கா அடுத்த விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டு மூலைகளுக்கு ஆள் வரும்வரை நின்றாள். அவள் நாத்தனாருக்குத் தர வேண்டியது மூன்று மாத நடை. அதில் ஒரு நடைகூட இன்னும் தரவில்லை.